நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளின் சொந்தக்காரர்

பட்டப்பகல் பதினோரு மணிக்கு, எரிகிற டார்ச் விளக்கோடு ஒருவர் கடைக்குள் நுழைந்தால் இரண்டில் ஒன்றுதான். திருடன், அல்லது வரி அலுவலகம்.

பூட்டுக்காரர் முதலில் திருடன் என்றுதான் நினைத்தார். அதில் ஒரு நிம்மதியும் இருந்தது. திருடன் எடுத்ததை எடுத்துக்கொண்டு போய்விடுவான். கையெழுத்து கேட்க மாட்டான்.

"வெளிச்சம் நல்லாத்தானே சார் இருக்கு?"

"வெளிச்சத்துலதான் நிறைய பேர் மறைக்கிறாங்க" என்றார் வந்தவர், விளக்கை அணைக்காமல். அடையாள அட்டையை நீட்டிவிட்டு, படிப்பதற்குள் பைக்குள் போட்டுக்கொண்டார்.

எட்டடிக்கு ஆறடி கடை. ஒரு சாவி வெட்டும் மிஷின், நாலு அரம், ஒரு ஸ்டூல். பின்சுவர் முழுக்க ஒரு பலகை. பலகை முழுக்க ஆணி. ஆணிக்கு ஒன்றாகச் சாவி, சாவிக்கு ஒன்றாக நம்பர். டார்ச் வெளிச்சம் ஒவ்வொரு சாவியாக நகர்ந்தது. இரண்டு மணி நேரம் எண்ணினார். நடுவில் ஒருமுறை பூட்டுக்காரர் தும்மினார். அலுவலகத்தில் டார்ச் என்றே பெயரெடுத்த அவர் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்.

"நானூத்திப் பன்னெண்டு."

"இருக்கும் சார்."

"யார் வீட்டுச் சாவிங்க இதெல்லாம்?"

"யார் வீட்டுதும் இல்ல. வெட்டும்போது தப்பாப் போனது. ஒரு பல்லு மயிரிழை ஆழமாயிட்டா திறக்காது. வேற வெட்டிக் குடுத்துடுவேன். தப்பானதைக் குப்பையில போடக் கூடாது. எவனாவது எடுத்து அரத்தால ரெண்டு இழுப்பு இழுத்தான்னா, யார் வீட்டுக் கதவாவது திறந்துக்கும். அதான் மாட்டி வெக்கிறது. தொழில் வழக்கம்."

டார்ச் பேனாவை எடுத்தார். "அதாவது, எந்தக் கதவையும் திறக்காத சாவிங்க."

"ஆமா சார்."

"அதை நம்பர் போட்டு, ஆணியில மாட்டி, ராத்திரி ஷட்டர் போட்டுப் பூட்டிட்டுப் போறீங்க."

"ஆமா சார்."

"உபயோகமில்லாத பொருளைப் பூட்டி வெக்கிறது எங்க ஆபீஸ்ல மட்டும்தான்னு இத்தனை நாள் நெனச்சிட்டிருந்தேன்" என்று சொல்லி, டார்ச் கிளம்பிப் போனார். பக்கத்து சலூன் வாசலில் நின்று சலூன்காரரிடம் ஏதோ கேட்டார். சலூன்காரர் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைப் பூட்டுக்காரர் மனதில் குறித்துக்கொண்டார்.

*

பன்னிரண்டாம் நாள் உத்தரவு வந்தது.

'ஒரு கட்டடத்தின் சாவி எவர் வசம் உள்ளதோ, அக்கட்டடம் அவர் அனுபவத்தில் இருப்பதாகக் கருதப்படும். பொதுநல ஆர்வமுள்ள ஒருவர் எழுத்து மூலம் அளித்த ரகசியத் தகவலின் பேரில் நடத்திய சோதனையில், தங்கள் வசம் நானூற்றுப் பன்னிரண்டு சாவிகள் கண்டறியப்பட்டன. எனவே நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்கான வரியை முப்பது நாளில் செலுத்தவும். தவறினால் தொழிற்கருவிகள் பறிமுதல் செய்யப்பட்டு ஏலம் விடப்படும்.'

கீழே ஒரு தொகை. பூட்டுக்காரர் பட்டினி கிடந்து, தூங்காமல், ஊரே நாள்தோறும் சாவியைத் தொலைத்தாலும், அதைச் சம்பாதிக்க ஆறு வருஷம் ஆகும்.

அவர் தொகையைப் பார்க்கவில்லை. 'எழுத்து மூலம் அளித்த' என்ற இடத்திலேயே கண் நின்றுவிட்டது.

"யாரோ எழுதிக் குடுத்திருக்கான்."

மனைவி உத்தரவை வாங்கிப் படித்தாள். அவள் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். டாக்டர்கள் எழுதுகிற கோழிக் கிறுக்கலையே படித்துப் படித்து, உலகத்தில் எவன் எழுதியதையும் படித்துவிடக்கூடியவள். எவன் எழுதினான் என்றும் சொல்லிவிடக்கூடியவள்.

"மிஷின் போனா என்ன பண்றது? அதைச் சொல்லுங்க முதல்ல."

"யாரு எழுதினான்னு தெரியணும்."

"மிஷினைப் பத்திப் பேசறேன் நான்."

"உன் தம்பிதான்."

அவள் தம்பி மாடி அறையில் குடியிருந்தான். பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. அவனுக்குக் காரணம் இருந்தது என்பதைக் கதை எழுதுகிறவனாக நானும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பூட்டுக்காரருக்கு ஒரு வியாதி. போகிற வழியில் மட்டமான பூட்டு கண்ணில் பட்டால் கை அரிக்கும். ஒரு சீட்டில் 'இந்தப் பூட்டு பூட்டே இல்லை, உடனே கவனிக்கவும்' என்று எழுதிக் கதவிடுக்கில் செருகிவிட்டு நடையைக் கட்டுவார். பெயர் போட மாட்டார். போட்டால் வியாபாரத்துக்கு அலைகிறான் என்பார்கள். போன மாதம் மைத்துனனுக்குப் பெண் பார்க்கப் போன வீட்டிலும், காபி வருவதற்குள் ஒரு சீட்டைச் செருகியிருந்தார். மறுநாள் அந்தக் குடும்பம் எவனோ திருடன் நோட்டம் பார்க்கிறான் என்று பயந்து ஊரையே காலி செய்துவிட்டுப் போய்விட்டது. பெண்ணோடு.

"அந்தக் கோவத்துல எழுதிக் குடுத்திருக்கான்" என்றார் பூட்டுக்காரர்.

மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்த மைத்துனன் அப்படியே நின்றான். "மாமா, எனக்கு எழுதறதுக்கு நேரம் எங்க இருக்கு? நானே எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கிட்டுத் திரியறேன்."

"அதான்! பேனா எப்பவும் பையில இருக்கு."

"அக்கா, பாருக்கா!"

அன்று மாலையே பூட்டுக்காரர் மைத்துனனிடமிருந்து வாசல் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அவன் வேலை முடிந்து வந்தால், வாசல்படியில் உட்கார்ந்து அக்கா வரும்வரை காத்திருந்தான், சேராத முகவரிக்கு வந்த பார்சல் மாதிரி.

*

வரி அலுவலகத்தின் முதல் மாடியில் ஒரே ஒரு மேஜை. மேஜைக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலி, அந்தப் பக்கம் ஒரு நாற்காலி. இதன் முதுகில் 'மதிப்பீடு' என்று அட்டை. அதன் முதுகில் 'மேல்முறையீடு'. அதில் மட்டும் மெத்தை உண்டு. மதிப்பீட்டு நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"மேல்முறையீடு பண்ணணும் சார்."

அவர் எழுந்தார். மேஜையைச் சுற்றி நடந்து மெத்தை நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்தார். பூட்டுக்காரரை முதல்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"சொல்லுங்க. யார் போட்ட உத்தரவு?"

"நீங்க போட்டதுதான் சார்."

"நான் இல்ல. அவர்." காலி நாற்காலியைக் காட்டினார். "நீங்க ஒண்ணும் பயப்பட வேண்டாம். நான் பாரபட்சம் பார்க்கறவன் இல்ல. அவர் தப்புப் பண்ணியிருந்தா நானே விடமாட்டேன். ஆனா அவர் தப்புப் பண்ண மாட்டார். அவரை இருபத்திரண்டு வருஷமா எனக்குத் தெரியும்."

அலுவலகத்தில் அவருக்கு ரெட்டை நாற்காலி என்று பெயர். சம்பளம் மட்டும் ஒன்றுதான் என்பதில் அவருக்கு மனக்குறை.

"மனுவை எழுதிட்டு வந்திருக்கேன் சார்."

"பணம்?"

"எந்தப் பணம் சார்?"

"வரிப் பணம். முதல்ல கட்டணும். கட்டினாதான் மேல்முறையீட்டைக் கேப்போம்."

"சார், அந்த வரி தப்புன்னு சொல்லத்தானே சார் மேல்முறையீடு?"

"தாராளமா சொல்லுங்க. கட்டிட்டுச் சொல்லுங்க. கட்டாம சொன்னா அது குத்தம் சொல்றது. கட்டிட்டுச் சொன்னாதான் அது மேல்முறையீடு."

"கட்டிட்டா சார்?"

"கட்டினவருக்கு என்ன குறை? குறை இல்லாதவர் எதுக்கு மேல்முறையீடு பண்றார்னு ஒரு கேள்வி வரும். அதை விசாரிப்போம்."

பூட்டுக்காரர் மேஜையைப் பார்த்தார். மேஜையில் இரண்டு பக்கமும் இழுப்பறை. இரண்டிலும் மட்டமான பூட்டு.

"எழுதிக் குடுத்தது யாருன்னாவது சொல்லுங்க சார். அந்தக் காகிதத்தை ஒரு தடவை கண்ணால பார்த்தாப் போதும்."

"அது ரகசியம். ஃபைல்ல இருக்கு. ஃபைல் ரிக்கார்டு ரூம்ல இருக்கு. ரிக்கார்டு ரூம் பூட்டியிருக்கு." பூட்டியிருப்பதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு பெருமை. "பார்க்கணும்னா விண்ணப்பம் பண்ணலாம். வரி பாக்கி இல்லாதவங்க மட்டும்."

பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்களைப் பார்த்தாப் பாவமா இருக்கு. ஒரு வழி சொல்றேன். வசூலுக்குத் தடை கேட்டு மனுப் போடுங்க. கஷ்டத்துல இருக்கறவங்களுக்குத் தடை உண்டு. கீழ கஷ்டப் பிரிவு இருக்கு. போய் உங்க கஷ்டத்தை அளந்துக்கிட்டு வாங்க."

இறங்கும்போது ரிக்கார்டு ரூமைக் கடந்தார். கதவில் ஓர் அமுக்குப் பூட்டு. சாவி இல்லாமலே அமுக்கினால் பூட்டிக்கொள்ளும் ரகம். எட்டு மாதம் முன்பு கடை வரி கட்ட வந்தபோதும் அதேதான் தொங்கியது. உள்ளே ஸ்பிரிங் செத்துப் போயிருக்க வேண்டும். கை அரித்தது. பூட்டுக்காரர் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு நடந்தார்.

*

கஷ்டப் பிரிவில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு நீளமான படிவம். மொத்தம் நாற்பது மார்க். முப்பத்தைந்து வாங்கினால் கஷ்டம்.

"காலையில சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்மா."

ஒரு சுழி போட்டார். "எதுல வந்தீங்க?"

"நடந்துதான்."

"நடக்கற அளவுக்குத் தெம்பு இருக்கு." இன்னொரு சுழி. "ராத்திரி தூக்கம் வருதா?"

"இல்லம்மா. பத்து நாளா பொட்டுத் தூக்கம் இல்ல."

அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் சந்தேகம். "எந்த வீட்டுல?"

"என்னது?"

"நானூத்திப் பன்னெண்டுல எந்த வீட்டுல தூக்கம் வரல? ஒரு வீட்டுல வரலன்னா இன்னொரு வீட்டுல படுக்கலாமே. படுத்துப் பார்த்தீங்களா?"

"எனக்கு இருக்கறதே ஒரு வீடும்மா. அதுவும் வாடகை."

"சொந்த வீடெல்லாம் பூட்டிப் போட்டுட்டு வாடகைக்கு இருக்கீங்க." எழுதிக்கொண்டார். "சரி, வீட்டுல நிம்மதி?"

"மச்சினனோட சண்டை."

"அது எல்லா வீட்லயும் இருக்கறது. மார்க் கிடையாது."

கூட்டிப் பார்த்தார். பதினொன்று.

"கஷ்டம் பத்தல" என்றார் வருத்தத்தோடு. உண்மையாகவே வருத்தம்தான், கல்லில் செதுக்கிய முகம் இல்லை அது. "மனசு ஒடைஞ்சுடாதீங்க. அவங்க வந்து உங்க மிஷினை எடுத்துட்டுப் போயிடட்டும். உங்க மார்க் ஒரேயடியா ஏறிடும். அப்ப வாங்க, தடை குடுத்துடறேன்."

"எதுக்குத் தடை?"

"மிஷினை எடுக்கக் கூடாதுன்னு."

பூட்டுக்காரர் மறுபடி மாடி ஏறினார். ரெட்டை நாற்காலி மார்க்கைப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

"பரவாயில்ல. கஷ்டம் பத்தலன்னா ஈடு குடுக்கலாம். அதுக்கும் சட்டத்துல இடம் இருக்கு. உங்க வீடுகள்ல ஒரு நாலு வீட்டைப் பத்திரத்தோட ஈடு காட்டுங்க. தடை உத்தரவு இப்பவே தர்றேன்."

"சார், என்கிட்ட வீடே இல்லைங்கறதுதானே சார் கேஸு!"

"அதை மேல்முறையீட்டுல சொல்லுங்க."

"மேல்முறையீட்டைக் கேக்கணும்னா?"

"பணம் கட்டணும்."

   பூட்டுக்காரருக்குச் சட்டென்று புரிந்தது: இது கதவே இல்லை. கதவு மாதிரி வரைந்து, அதற்கொரு பூட்டும் வரைந்து வைத்த சுவர்.

*

முப்பத்தொன்றாம் நாள் காலை டார்ச் வந்தார். கூட ஒரு தள்ளுவண்டி, ஒரு சாக்கு. மிஷினை வண்டியில் ஏற்றினார்கள். அரங்களை ஏற்றினார்கள். நானூற்றுப் பன்னிரண்டு சாவிகளையும் சாக்கில் கொட்டினார்கள், சாட்சியத்துக்காக. ஸ்டூலை விட்டுவிட்டார்கள். கஷ்டத்தில் இருப்பவர் உட்கார ஒரு ஸ்டூல் வைத்துக்கொள்ளலாம் என்று விதி இருந்தது.

"வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு ஏலம்" என்றார் டார்ச்.

"மேல்முறையீடு திங்கக்கிழமைன்னு போட்டிருக்கு சார்."

"பணம் கட்டாத மேல்முறையீட்டுக்குத் தேதி குடுத்ததே பெரிய விஷயம். இதுல கிழமை வேற கேக்கறீங்களா?"

சலூன்காரர் எட்டிப் பார்த்தார். "அண்ணே, நானூறு வீடு வெச்சுக்கிட்டா என்கிட்ட கட்டிங்குக்குக் கடன் சொன்னீங்க?"

"அன்னிக்கு அவர்கிட்ட என்னடா சொல்லிச் சிரிச்ச?"

"பட்டப்பகல்ல எதுக்கு சார் டார்ச்னு கேட்டேன். சிரிச்சது ஒரு குத்தமா?"

பூட்டுக்காரர் நம்பவில்லை. சந்தேகப் பட்டியலில் மைத்துனன் ஒன்று, சலூன்காரர் இரண்டு. அன்று மாலைக்குள் எதிர்ச்சாரிக் கடைக்காரர்கள் மூன்று, நான்கு, ஐந்து என்று சேர்ந்தார்கள்.

கடையைப் பெருக்கும்போது ஸ்டூலுக்கு அடியில் ஏதோ மினுங்கியது. ஒரு சாவி. சாக்கிலிருந்து சிதறியது. நம்பர் இருநூற்று ஏழு.

 ஒரு சாவி குறைந்தால் ஒரு வீட்டைப் பதுக்கியதாகக் கருதப்படும். வெள்ளிக்கிழமை போகும்போது கையோடு ஒப்படைத்துவிடலாம் என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

*

வெள்ளிக்கிழமை இரண்டரை மணிக்குப் போனபோது அலுவலகம் முழுக்க தாழ்வாரத்தில் நின்றது. எல்லாரும் ரிக்கார்டு ரூம் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டார்ச் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாவி எங்கய்யா?" என்றார் ரெட்டை நாற்காலி, ஒன்பதாவது தடவையாக.

"சாக்குல சார்."

"சாக்கு எங்க?"

"ரூமுக்குள்ள சார்."

மெல்ல மெல்ல விஷயம் வெளியே வந்தது. பறிமுதல் செய்த சாவிகளை உள்ளே வைக்குமுன் டார்ச் எண்ணியிருக்கிறார். நானூற்றுப் பதினொன்று. பதிவேட்டில் நானூற்றுப் பன்னிரண்டு. ஒன்று குறைந்தால் வேலை போகும். சுற்றுமுற்றும் பார்த்தார். கையில் ரிக்கார்டு ரூம் சாவி இருந்தது. அதைச் சாக்கில் போட்டார். நானூற்றுப் பன்னிரண்டு. கணக்கு நேர். அரக்கு வைத்து, முத்திரை குத்தி, சாக்கை உள்ளே வைத்து, கதவைச் சாத்தி, அமுக்குப் பூட்டை அமுக்கிவிட்டார்.

"பதிவேடு சரியா இருக்கணும்னு நீங்கதானே சார் சொல்வீங்க" என்றார் டார்ச், அழுகிற குரலில்.

"பூட்டை ஒடைங்களேன்" என்றார் கஷ்டப் பிரிவு அம்மாள்.

"ஒடைக்கப் படிவம் இருக்கு."

"எங்க இருக்கு?"

எல்லாரும் கதவைப் பார்த்தார்கள்.

பிரச்சினை படிவம் அல்ல. மொத்த அலுவலகத்தின் சம்பளப் பட்டியலும் உள்ளே இருந்தது. நாலு மணிக்குள் கையெழுத்தாகிக் கருவூலத்துக்குப் போகவில்லை என்றால் இந்த மாதம் யாருக்கும் சம்பளம் இல்லை. கஷ்டப் பிரிவு அம்மாள் தன்னையறியாமல் விரல்விட்டு மார்க் எண்ண ஆரம்பித்திருந்தார்.

"பூட்டுக்காரர் வந்திருக்கார் சார்!"

கூட்டம் வழிவிட்டது. முப்பது நாளில் முதல்முறையாக அவரை எல்லாரும் பூட்டுக்காரராகப் பார்த்தார்கள்.

"திறங்க" என்றார் ரெட்டை நாற்காலி.

"மிஷின், அரம் எல்லாம் உள்ள இருக்கு சார். ஏலத்துக்கு."

"ஏதாவது பண்ணுங்க!"

பூட்டுக்காரர் யோசித்தார். கதவு திறக்காமல் இருந்தால் ஏலம் நடக்காது. ஆனால் பொருளை அவரே மறைத்ததாகக் கருதப்படும். அதற்கொரு அபராதம் இருக்கும். தவிர, அவரைத் தின்றுகொண்டிருந்தது வேறு. "திறந்தா என் ஃபைலை நான் பார்க்கணும். யாரு எழுதிக் குடுத்தான்னு."

"பாருங்க, பாருங்க. சீக்கிரம்!"

சட்டைப்பையிலிருந்து இருநூற்று ஏழை எடுத்தார். நுழைத்தார். லேசாகத் தூக்கி, இடது பக்கம் ஓர் ஆட்டு ஆட்டினார். செத்த ஸ்பிரிங். டக்கென்று திறந்துகொண்டது.

தாழ்வாரமே கைதட்டியிருக்கும். அதற்குள் ரெட்டை நாற்காலி கையை உயர்த்தினார்.

"யாரும் உள்ள போகாதீங்க!"

அவர் முகத்தில் ஓர் ஒளி. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் அந்த ஒரு கணத்துக்காகவே நடந்ததுபோல.

"அது உங்க கடைச் சாவிதானே?"

"ஆமா சார். கீழ விழுந்து கிடந்தது, குடுத்துட்டுப் போலாம்னு..."

"எந்தக் கதவையும் திறக்காதுன்னு எழுதிக் குடுத்தீங்களே?"

"பூட்டு மட்டம் சார். இதை ஹேர்பின் கூடத் திறக்கும்."

"ஹேர்பின்னுக்கு வரி கிடையாது. எழுதுய்யா டார்ச்! 'இன்று, அலுவலர்கள் அனைவர் முன்னிலையிலும், மேற்படியார் வசம் இருந்த சாவி மேற்படி அறையைத் திறந்தது. எனவே மேற்படி ரிக்கார்டு ரூம் மேற்படியார் அனுபவத்தில் உள்ள நானூற்றுப் பதிமூன்றாவது கட்டடமாகக் கருதப்படும். வரியை உடனே செலுத்தவும்.' முத்திரை வை. நகல் அவர்கிட்ட குடு."

உத்தரவு முடியும்வரை மற்றவர்கள் வெளியே நிற்க, டார்ச் அடித்தும் திருத்தியும் மூன்றேமுக்கால் வரை எழுத, பூட்டுக்காரர் உள்ளே போனார். அவர் ஃபைல் மேலாகவே இருந்தது. முதல் காகிதம் உத்தரவு. இரண்டாவது, டார்ச்சின் அறிக்கை. மூன்றாவது, ரகசியத் தகவல். சின்னத் துண்டுச் சீட்டு, எட்டு மாதம் பழசு. புகார்ப் பெட்டியில் கிடைத்தது என்று குறிப்பு. அலுவலகத்தின் ஏழு மேஜைகளைத் தாண்டி வந்த ஏழு கையெழுத்து.

சீட்டில் இருந்தது இதுதான்:

'இந்த ரிக்கார்டு ரூம் பூட்டு பூட்டே இல்லை. கடைத்தெருப் பூட்டுக் கடையில் நானூறு சாவிக்கு மேல் தொங்குகிறது. அதில் எதைப் போட்டாலும் திறக்கும். உடனே கவனிக்கவும்.'

பெயர் இல்லை.

பெயர் தேவைப்படவும் இல்லை. அந்தக் கையெழுத்தில்தான் அவர் இருபது வருஷமாகச் சாவிகளுக்கு நம்பர் போட்டுக்கொண்டிருக்கிறார்.

உடனே கவனிக்கவும் என்று எழுதியிருந்தார். கவனித்திருக்கிறார்கள். பூட்டை மட்டும் விட்டுவிட்டு.

பூட்டுக்காரர் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் வெளியே வந்தார். டார்ச் நீட்டிய நகலை வாங்கினார். நிதானமாக இரண்டு தடவை படித்தார். முத்திரையைத் தடவிப் பார்த்தார்.

பிறகு கதவைச் சாத்தி, பூட்டை அமுக்கினார்.

டக்.

"யோவ்! என்னய்யா பண்ற?"

"என் கட்டடத்தைப் பூட்டறேன் சார்."

"சம்பளப் பட்டியல் உள்ள இருக்கு!"

"ஆமா, பார்த்தேன். உங்க அலமாரி, உங்க ஃபைலு, உங்க ஃபேனு எல்லாமே என் கட்டடத்துலதான் இருக்கு. இருபத்திரண்டு வருஷமா இருக்கும்போல. வாடகை எவ்வளவு ஆகும்னு யோசிச்சிட்டிருக்கேன்."

"இது அரசாங்க ரூம்!"

"அப்படின்னு நீங்க சொல்றீங்க." பூட்டுக்காரர் நகலைக் காட்டினார். "காகிதம் வேற சொல்லுது. நீங்க மேல்முறையீடு பண்ணலாம் சார். தாராளமா. ஆனா முதல்ல வாடகையைக் கட்டிடுங்க. கட்டாம சொன்னா அது குத்தம் சொல்றது."

  பழக்க தோஷத்தில் ரெட்டை நாற்காலி மேஜையைச் சுற்றி நடக்கக் கால் எடுத்தார். மேஜை மாடியில் இருந்தது. மணி மூன்று ஐம்பது.

"எங்களுக்குக் கஷ்டம் சார்" என்றார் டார்ச் பரிதாபமாக. பூட்டுக்காரரைப் பார்த்து அவர் சார் என்றது அதுவே முதல்முறை.

"காலையில சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்."

பூட்டுக்காரர் உச்சுக் கொட்டினார். "சரி, மொத்தமும் வேண்டாம். தகராறு தீர்ற வரைக்கும் ஈடா ஒரு பொருள் குடுங்க போதும். உள்ள ஒரு பழைய மிஷின் கிடக்கு. நாலு அரமும் இருக்கு."

மூன்று ஐம்பத்து நாலுக்கு ரெட்டை நாற்காலி கையெழுத்துப் போட்டார். 'தகராறுக்குரிய வாடகைக்கு ஈடாக, மேல்முறையீடு முடியும்வரை.' மூன்று ஐம்பத்தைந்துக்கு இருநூற்று ஏழு மறுபடி இடது பக்கம் ஆடியது. சம்பளப் பட்டியலை எடுத்துக்கொண்டு டார்ச் ஓடிய ஓட்டத்தை அந்த அலுவலகம் அதுவரை பார்த்ததில்லை.

வாடகையை எதிர்த்து மேல்முறையீடு திங்கட்கிழமை எடுத்துக்கொள்ளப்பட்டது. மேல்முறையீடு செய்தவர் மதிப்பீட்டு நாற்காலியில் உட்கார்ந்து பேசினார். பிறகு எழுந்து சுற்றிவந்து மெத்தை நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். எதிர் நாற்காலிக்காரரின் பேச்சில் சந்தேகம் இருப்பதாகச் சொல்லி ஒத்திவைத்தார். இன்றுவரை ஒத்திவைத்துக்கொண்டிருக்கிறார். மிஷின் கடையில் ஓடிக்கொண்டிருக்கிறது. நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளின் கேஸும் அதே நாற்காலியில், அடுத்த தேதிக்காகக் காத்திருக்கிறது.

*

அந்த வெள்ளிக்கிழமை மாலை மிஷினைத் தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டு பூட்டுக்காரர் வீட்டுக்கு வந்தார். மைத்துனன் வாசல்படியில் உட்கார்ந்திருந்தான். எழுந்துவந்து வண்டியின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டான்.

மனைவி சட்டையைத் துவைக்க எடுத்தபோது சீட்டு கையில் சிக்கியது. ஒரே ஒரு பார்வைதான். அவள் கணவரைப் பார்த்தாள். அவர் உத்தரத்தைப் பார்த்தார்.

"இந்தக் கையெழுத்து..."

"கத்தாதே."

"முப்பது நாள்! முப்பது நாளா அவன் வாசல்ல உக்காந்திருக்கான்! போய் மன்னிப்புக் கேளுங்க."

"கேக்கறேன். கேக்க மாட்டேன்னா சொன்னேன்?"

மைத்துனன் உள்ளே எட்டிப் பார்த்தான். "மாமா, ஃபைலைப் பார்த்தீங்களாமே. யாரு எழுதிக் குடுத்தது? சலூன்காரரா?"

பூட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். ரெட்டை நாற்காலியைப் போலவே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வாசல் சாவியை எடுத்து மைத்துனன் கையில் வைத்தார்.

"விசாரணை நடக்குது மாப்ள. மேல்முறையீட்டுல இருக்கு."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் நீ எழுதினதாத்தான் கருதப்படும்."